எரிந்த ஏடும் கருந்துளையும்

(வெள்ளி விழா நிகழ்ச்சியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, கல்வியின் சிறப்பு என்றோ ஒற்றுமையின் வலிமை என்றோ ஒரு தலைப்பைத்தான் எதிர்பார்த்திருப்பார். அவை பற்றி என்னைவிட நன்றாகப் பேசவல்லோர் இம்மேடையில் பலர் இருக்கின்றனர். நான் இன்று விண்ணிலுள்ள கருந்துளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நான் அறிவியல் பட்டதாரி அல்லன். வரலாறு படித்து, வரலாறு கற்பித்து வந்தவன். வரலாற்று ஆசிரியனுக்குக் கருந்துளையோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நடந்து முடிந்த ஒன்று, அதன் தடயங்கள் யாவும் மறைந்த பின்னும் எங்கேனும் எஞ்சியிருக்கிறதா என்பதே வரலாற்றின் அடிப்படைக் கேள்வி. அதே கேள்வியைத்தான் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக உலகின் தலைசிறந்த இயற்பியல் அறிஞர்கள் கருந்துளையை முன்வைத்துக் கேட்டு வருகின்றனர்.

இக்கேள்வியை எனக்கு முதலில் உணர்த்தியவன் ஒரு மாணவன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் படித்து முடித்த அவனுடைய குடிசை தீக்கிரையாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தகரப் பெட்டியில் இருந்த மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் சாம்பலாயின. கல்லூரியில் சேர வேண்டிய நேரம். கையில் ஒரு தாளும் இல்லாமல் அவன் பள்ளிக்கு வந்து நின்றான். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். அவன் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், பள்ளியில் சேர்ந்த நாள் எல்லாம் அதில் இருந்தன. அவற்றைக் கொண்டு இரண்டாம்படி எழுதினோம். நான் கையெழுத்து இடும்போது அவன் கேட்டான்: "ஐயா, இந்தப் பதிவேடும் எரிந்திருந்தால், நான் இந்தப் பள்ளியில் படித்தது என்னவாகியிருக்கும்?"

அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன். அதற்குச் சற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

இயற்பியல் இக்கேள்விக்குத் தரும் முதல் விடை வியப்பானது. எதுவும் அடியோடு அழிவதில்லை என்பதே அது. ஒரே மாதிரியான இரு தாள்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு பெயரையும் மற்றொன்றில் வேறு பெயரையும் எழுதி எரித்து விடுங்கள். இரண்டு சாம்பலும் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஆனால் சாம்பலின் ஒவ்வொரு துகளையும், புகையின் ஒவ்வோர் அணுவையும், வெளியேறிய ஒளியையும் வெப்பத்தையும் ஒன்று விடாமல் அளக்க முடியுமானால், இரண்டிற்கும் நுண்ணிய வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டிலிருந்து எந்தத் தாளில் எந்தப் பெயர் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். மனிதனால் இதனைச் செய்ய இயலாது. ஆயினும் கொள்கையளவில் அதற்குத் தடையில்லை. அணுக்களின் உலகை ஆளும் குவாண்டம் இயற்பியலின் அடித்தளமே இதுதான். இன்றைய நிலையை முழுமையாக அறிந்தால் நாளைய நிலையைக் கணக்கிடலாம். நேற்றைய நிலையையும் கணக்கிடலாம். வெவ்வேறான இரண்டு தொடக்கங்கள் முற்றிலும் ஒரே முடிவில் போய்ச் சேர்வதில்லை. இதனையே அறிஞர்கள் 'தகவல் அழிவதில்லை' என்று சுருக்கமாகக் கூறுகின்றனர்.

இந்த விதிக்கு விலக்கு உண்டா? உண்டு என்று ஒருவர் சொன்னார். அவர் சுட்டிக்காட்டிய இடம் கருந்துளை.

கருந்துளை என்றால் என்ன? ஒளிகூடத் தப்பி வர இயலாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்த இடம். இத்தகைய இருண்ட விண்மீன் இருக்கக்கூடும் என்று 1783-இலேயே ஜான் மிச்சல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் எழுதினார். 1915-இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கொள்கையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் பணியாற்றிய கார்ல் சுவார்ட்ஸ்சைல்டு அதன் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வை வெளியிட்டார். அதன்படி, ஞாயிற்றின் எடை முழுவதையும் 3 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டைக்குள் அடக்கினால் அது கருந்துளையாகி விடும். நம் பூமியையோ 9 மில்லிமீட்டர் ஆரத்திற்குள், அதாவது ஏறத்தாழ ஒரு கோலிக்குண்டின் அளவுக்குள், அடக்க வேண்டும். அந்த உருண்டையின் மேற்பரப்பே எல்லைக்கோடு. அதைக் கடந்து உள்ளே சென்றது எதுவும் திரும்புவதில்லை. இதனை நிகழ்வெல்லை என்பர்.

உண்மையில் ஒரு விண்மீன் அவ்வாறு சுருங்குமா? இவ்விடத்தில் சென்னையில் படித்த ஒருவரை நினைவுகூர வேண்டும். 1910-இல் லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன், வெண்குறு மீனாக அமைதியடைய வேண்டுமானால் அதன் எடை ஞாயிற்றின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு உட்பட்டிருக்க வேண்டும். மிஞ்சினால் அது தொடர்ந்து சுருங்கும் என்பது அவர் கண்ட முடிவு. 1935-இல் இலண்டன் அரசு வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, அக்காலத்தின் மாபெரும் அறிஞரான எடிங்டன் எழுந்து அதனை எள்ளி நகையாடினார். அவையில் இருந்தோர் எடிங்டனின் பெயருக்கு அஞ்சி வாளாவிருந்தனர். எடிங்டன் இறுதிவரை அம்முடிவை ஏற்கவில்லை. ஆனால் கணக்கு சரியாக இருந்தது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரியவர் சொன்னார் என்பதனால் தவறு சரியாகி விடுவதில்லை. இளையவர் சொன்னார் என்பதனால் சரியானது தவறாகி விடுவதுமில்லை.

இன்று கருந்துளைகள் வெறும் கற்பனையல்ல. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலைகள் அமெரிக்காவிலுள்ள கருவிகளில் பதிவாயின. 2019-இல் எம் 87 என்னும் விண்மீன் கூட்டத்தின் நடுவிலுள்ள, ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு எடையுள்ள கருந்துளையின் நிழற்படம் வெளியாயிற்று. நம் பால்வீதியின் நடுவிலும் ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு எடையுள்ள ஒன்று இருக்கிறது. அதன் படம் 2022-இல் வந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். கருந்துளைக்குள் ஒரு நூலகத்தையே எறிந்தாலும், அதே எடையுள்ள கல்லை எறிந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பள்ளிப் பதிவேட்டில் பல கட்டங்கள் உண்டு. கருந்துளையின் வாசலில் உள்ள பதிவேட்டில் மூன்றே கட்டங்கள்தாம் உண்டு: எடை, மின்னூட்டம், சுழற்சி. வேறு எந்த விவரமும் வெளியே தெரிவதில்லை என்பது ஐன்ஸ்டைன் கொள்கையின் முடிவு. ஆயினும் இதனால் யாரும் கலங்கவில்லை. பூட்டிய அறைக்குள் இருக்கும் ஏட்டை நம்மால் படிக்க முடியாது; அதனால் ஏடு அழிந்ததாகாது. உள்ளே இருக்கிறது என்று அமைதி கொண்டனர்.

அந்த அமைதியைக் குலைத்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். 21-ஆம் வயதில் கொடிய நரம்பு நோய்க்கு ஆளாகி, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே உலகை அளந்த ஆங்கில அறிஞர் அவர். அவருக்கு முன்பே, 1970-களின் தொடக்கத்தில், ஜேக்கப் பெக்கென்ஸ்டைன் என்னும் இளம் ஆய்வாளர் ஒரு கருத்தைக் கூறியிருந்தார். ஒரு கருந்துளைக்குள் எவ்வளவு தகவல் மறைந்திருக்கலாம் என்பது அதன் நிகழ்வெல்லையின் பரப்பளவைப் பொறுத்தது என்பதே அக்கருத்து. ஹாக்கிங் முதலில் அதனை மறுத்தார். மறுப்பதற்காகக் கணக்கிடத் தொடங்கியவர், 1974-இல் அதனினும் வியப்பான முடிவுக்கு வந்தார். கருந்துளை முற்றிலும் கருமையானதன்று. அதற்கு வெப்பநிலை உண்டு. அது மெல்ல மெல்லக் கதிர்வீசி ஆவியாகி விடும் என்றார்.

இதன் காரணத்தை ஹாக்கிங் ஓர் எளிய படமாகக் கூறினார். குவாண்டம் இயற்பியலில் வெற்றிடம் என்பது வெறுமை அன்று. துகள்கள் இரட்டை இரட்டையாகத் தோன்றிக் கணத்தில் மறைந்து கொண்டேயிருக்கும். நிகழ்வெல்லையின் ஓரத்தில் அப்படித் தோன்றும் இரட்டையில் ஒன்று உள்ளே விழ, மற்றது வெளியே தப்பி விடுகிறது. தப்பியது ஆற்றலைக் கொண்டு செல்வதால் கருந்துளையின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது.

இது மிக மிக மெதுவான செயல். ஞாயிற்றின் எடையுள்ள கருந்துளையின் வெப்பநிலை 0.00000006 கெல்வின் அளவே. விண்வெளி முழுவதும் பரவியுள்ள கதிர்வீச்சின் வெப்பநிலையோ 2.7 கெல்வின். எனவே இன்று அத்தகைய கருந்துளை விடுவதைவிட வாங்குவதே மிகுதி. வருங்காலத்தில் அண்டம் குளிர்ந்த பின்னரே அது உண்மையில் தேயத் தொடங்கும். தேய்ந்து முடிய ஆகும் காலம் 1-க்குப் பின் 67 சுழியங்கள் இட்டால் வரும் ஆண்டுகள். அண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தாம். ஆனால் சிறிய கருந்துளை சூடு மிகுந்தது. எடை குறையக் குறைய வெப்பநிலை ஏறும். இறுதியில் வெடிப்பைப்போல் விரைந்து முடியும்.

எவ்வளவு காலமானாலும் என்றோ ஒருநாள் முடியும் அல்லவா? அங்கேதான் சிக்கல் எழுகிறது. வெளியேறும் கதிர் வெறும் வெப்பம். நூலகம் விழுந்தாலும் கல் விழுந்தாலும் ஒரே வகையான வெப்பம். பூட்டிய அறையே கரைந்து காணாமற்போய், மிஞ்சுவது ஏட்டின் சுவடே இல்லாத வெப்பம் மட்டும் என்றால், ஏடு எங்கே? அழிந்தது என்றார் ஹாக்கிங், 1976-இல். புகையிலும் இல்லை, சாம்பலிலும் இல்லை, மெய்யாகவே அழிந்தது என்றார்.

அப்படியானால் நேற்றைய நிலையைக் கணக்கிடலாம் என்ற விதி வீழ்ந்தது. இதனைக் கெரார்டு எட் ஹூஃப்ட், லெனார்டு சஸ்கின்ட் முதலிய அறிஞர்கள் ஏற்க மறுத்தனர். ஆயினும் ஹாக்கிங்கின் கணக்கில் பிழை எங்கே என்று அவர்களால் காட்ட முடியவில்லை.

"தகவல் உள்ளே விழும்போதே வெளியே ஒரு நகல் தங்கியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். பள்ளியில் பதிவேடு இருந்தது போல. ஆனால் இயற்கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க இயலாது என்று 1982-இல் நிறுவப்பட்டது. இயற்கைக்கு இரண்டாம்படி எழுதும் உரிமை இல்லை. உள்ளது ஒரே படி; அது உள்ளே போய்விட்டது.

ஹாக்கிங்கின் கணக்கில் ஒரு குறை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் துகள்களுக்குக் குவாண்டம் விதியைப் பயன்படுத்தினார். ஈர்ப்புக்கு ஐன்ஸ்டைனின் பழைய விதியையே பயன்படுத்தினார். ஈர்ப்பையும் இடத்தையும் காலத்தையும்கூடக் குவாண்டம் விதிக்குள் கொண்டுவரும் முழுமையான கொள்கை, அதாவது குவாண்டம் ஈர்ப்புக் கொள்கை, இன்றும் முற்றுப்பெறவில்லை. அதன் விளைவுகள் மிகச் சிறிய அளவுகளில்தாம் தலைகாட்டும் என்று கருதினர். எவ்வளவு சிறியது? ஒரு மீட்டரில், புள்ளிக்குப் பின் 34 சுழியங்கள் இட்டு 16 என்று எழுதினால் வரும் நீளம். கருந்துளை தேய்ந்து தேய்ந்து ஒரு கிராமில் ஏறத்தாழ 0.00002 பங்கு எடைக்கு வரும்போதுதான் அந்த அளவை எட்டும்.

எனவே பலர் இவ்வாறு ஆறுதல் கொண்டனர்: "ஹாக்கிங்கின் கணக்கு பெரும்பகுதி சரி. இறுதிக் கணத்தில் மட்டும் குவாண்டம் ஈர்ப்பு குறுக்கிட்டு, மறைந்த தகவலையெல்லாம் வெளியே விட்டுவிடும். அல்லது ஒரு சிறு மணி எஞ்சி நின்று எல்லாவற்றையும் தன்னுள் வைத்திருக்கும்."

இந்த ஆறுதல் செல்லாது என்று காட்டியவர் டான் பேஜ். முன்னர் ஹாக்கிங்குடன் பணியாற்றியவர். அவருடைய 1993-ஆம் ஆண்டுக் கருத்தை ஓர் உவமையால் விளக்குகிறேன். இதுவே என் உரையின் உயிர்நிலை. சற்றுக் கூர்ந்து கேளுங்கள்.

ஒரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை வெளியே வீசி, மறு பாதியைப் பெட்டியில் போடுகிறோம். வெளியே கிடக்கும் பாதிகளை மட்டும் வைத்து எதையும் படிக்க முடியாது. ஹாக்கிங் சொன்ன இரட்டைத் துகள்கள் இத்தகையவை. வெளியே போனதற்கு இணையான பாதி உள்ளே இருக்கிறது. இப்போது பெட்டியும் நாள்தோறும் சுருங்குகிறது என்று கொள்ளுங்கள். கருந்துளை தேயத் தேய அதன் பரப்பளவு குறைகிறது. பரப்பளவு குறைந்தால் அதில் அடங்கக்கூடிய தகவலும் குறையும் என்று பெக்கென்ஸ்டைன் காட்டினார் அல்லவா? உள்ளே இருக்க வேண்டிய பாதிகள் பெருகிக் கொண்டே போகின்றன. பெட்டியோ சிறுத்துக் கொண்டே வருகிறது. ஒருநாள் பெட்டி நிரம்பி விடும். அன்றுமுதல் வெளியேறும் ஒவ்வொன்றும் முன்னரே வெளியே கிடக்கும் பாதிகளுக்கு இணையாக அமைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு ஒருநாளும் நேராகாது.

அந்த நாள் எப்போது வருகிறது? இறுதிக் கணத்தில் அன்று. கருந்துளையின் வாழ்நாளில் ஏறத்தாழ நடுப்பகுதியிலேயே வந்துவிடுகிறது! அப்போது அதன் எடையில் பாதிக்கும் மேல் இன்னும் எஞ்சியிருக்கும். நிகழ்வெல்லை பெரிதாக இருக்கும். அங்கே ஈர்ப்பின் வளைவும் மென்மையாகவே இருக்கும். குவாண்டம் ஈர்ப்பின் விளைவு அங்கே தேவைப்படும் என்று எவரும் எண்ணியிராத நேரம் அது. எல்லாவற்றையும் கடைசியில் சொல்லிக் கொள்ளலாம் என்று வைத்திருந்தால், 0.00002 கிராம் எடையுள்ள மணிக்குள் ஒரு விண்மீனின் வரலாறு முழுவதையும் திணிக்க வேண்டியிருக்கும். அது இயலும் என்று வாதிடுவோர் சிலர் உண்டு, பெரும்பாலோர் ஏற்கவில்லை. மீட்பு நடக்க வேண்டுமானால் நடுவயதிலேயே தொடங்க வேண்டும்.

இந்த நெருக்கடி பல வழிகளைத் திறந்தது. மகாராட்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர் வளையக் குவாண்டம் ஈர்ப்பு என்னும் கொள்கையின் மூலவர்களுள் ஒருவர். அவரும் மார்ட்டின் போஜோவால்டும் 2005-இல், கருந்துளையின் நடுவில் இடமும் காலமும் முடிந்துபோவதில்லை, குவாண்டம் விளைவால் அப்பாலும் தொடர்கின்றன, எனவே தகவலும் தொடர்ந்து வர வழியுண்டு என்று ஒரு படத்தை முன்வைத்தனர். இழைக் கொள்கையாளர்கள் வேறு வழியில் சென்றனர். 1996-இல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் சிலவகைக் கருந்துளைகளின் உள்நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, பெக்கென்ஸ்டைனும் ஹாக்கிங்கும் கூறிய அளவே சரியாக வருவதைக் காட்டினர். அடுத்த ஆண்டு ஹுவான் மால்டசேனா, ஒருவகை அண்டத்தில் நிகழும் ஈர்ப்பு நிகழ்ச்சிகள் அனைத்தையும் அதன் எல்லைப்பரப்பில் ஈர்ப்பே இல்லாத ஒரு கொள்கையாக எழுதலாம் என்று முன்மொழிந்தார். அந்தக் கொள்கையில் தகவல் அழிவதில்லை என்பது உறுதி. நம் அண்டம் அவ்வகையானதன்று. எனினும் அறிஞர்களின் மனம் ஒரு பக்கம் சாயத் தொடங்கிற்று.

1997-இல் ஹாக்கிங்கும் கிப் தோர்னும் ஒரு பக்கம், ஜான் பிரெஸ்கில் மறுபக்கமாக ஒரு பந்தயம் கட்டினர். தகவல் அழிகிறதா இல்லையா என்பதே பந்தயம். தோற்றவர் வென்றவருக்கு ஒரு கலைக்களஞ்சியம் தர வேண்டும். 2004-இல் டப்ளின் நகரில் நடந்த மாநாட்டில், உலகறிய, ஹாக்கிங் தம் கருத்தை மாற்றிக் கொண்டதாக அறிவித்தார். பிரெஸ்கில் விரும்பிய அடிப்பந்தாட்டக் கலைக்களஞ்சியத்தை வழங்கினார். அதன் சாம்பலைக் கொடுத்திருந்தாலே போதுமோ என்று பின்னர் நகைச்சுவையாகவும் எழுதினார். தோர்ன் அன்று இணங்கவில்லை. ஹாக்கிங் கூறிய காரணமும் எல்லோரையும் நிறைவு செய்யவில்லை. ஆயினும் முப்பதாண்டு தாம் கட்டிக்காத்த கருத்தைத் தாமே மேடையேறிக் கைவிட்ட அந்தப் பண்பை எண்ணிப் பாருங்கள். 1935-இல் எடிங்டன் செய்யாததை 2004-இல் ஹாக்கிங் செய்தார்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 2012-இல் நான்கு அறிஞர்கள், தகவல் வெளியே வருவது உண்மையானால் நிகழ்வெல்லையில் ஒரு நெருப்புச் சுவர் இருக்க வேண்டிவரும் என்று காட்டி மீண்டும் கலக்கத்தை உண்டாக்கினர். ஹாக்கிங் 2018-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, 2019-இல், பெனிங்டன் என்னும் இளைஞர் தனியாகவும், அல்மைரி, எங்கல்கார்ட், மரோல்ஃப், மேக்ஸ்ஃபீல்டு ஆகிய நால்வர் இணைந்தும், டான் பேஜ் வரைந்த கோட்டை ஈர்ப்பின் கணக்கிலிருந்தே வருவித்துக் காட்டினர். நடுவயதுக்குப் பின் கருந்துளையின் உட்பகுதியில் ஒரு பெரும்பங்கு, வெளியே பரவிய கதிர்வீச்சின் கணக்கிலேயே சேர்ந்து விடுகிறது என்பது அவர்கள் முடிவின் சாரம். அப்பகுதியைத் 'தீவு' என்று அழைக்கின்றனர். பெட்டி நிரம்பும் நாளில், பெட்டிக்குள் இருப்பதும் வெளியிலிருப்போருக்கு உரியதாகி விடுகிறது என்று கொள்ளலாம்.

ஆக, பெரும்பாலான அறிஞர்கள் இன்று தகவல் அழிவதில்லை என்றே கருதுகின்றனர். ஆனால் ஒவ்வொரு துகளும் அதனை எவ்வாறு சுமந்து வருகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. இக்கணக்குகள் பலவும் எளிமையாக்கப்பட்ட அண்டங்களுக்கே போடப்பட்டவை. ஹாக்கிங் கதிர்வீச்சை எந்த விண்வெளிக் கருந்துளையிலிருந்தும் இதுவரை எவரும் கண்டதில்லை. தீர்ப்பு இன்னும் எழுதி முடியவில்லை. இளைஞர்களே, அதனை எழுதுவோரில் நம் தெருவில் பிறந்த ஒருவரும் இருக்கலாம். இத்துறைக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. கணிதம் வேண்டும், இடையறாத உழைப்பு வேண்டும், "ஏன்?" என்று கேட்கும் துணிவு வேண்டும். கணக்கு சரியா தவறா என்பதே அங்கே கேள்வி. போட்டவர் எந்தத் தெருக்காரர் என்பது சமன்பாட்டில் எங்கும் வருவதில்லை.

இப்போது என் மாணவனின் கேள்விக்குத் திரும்புகிறேன். பதிவேடும் எரிந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இயற்பியலின்படி, அவன் பெயர் புகையிலும் வெப்பத்திலும் சிதறி விண்ணில் சென்று கொண்டிருந்திருக்கும்; அழிந்திருக்காது. ஆனால் புகையைக் காட்டி எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது! கொள்கையளவில் அழியாமலிருப்பது வேறு. கைக்கு எட்டும்படி இருப்பது வேறு. முன்னதை இயற்கை பார்த்துக் கொள்ளும். பின்னது நம் கடமை.

வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் இதனை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் முன்னோரின் வாழ்வில் பெரும்பகுதி எழுதப்படவில்லை. எழுதப்பட்டவற்றிலும் பல கூரைத் தீயிலும் மழையிலும் போயின. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் எழுத்துகள் 1999-இல் தொகுதிகளாக வெளிவந்து இன்று நம் கைகளில் தவழ்கின்றன என்றால், அந்த இதழ்களைத் தூக்கி எறியாமல் காத்து வைத்தவர்கள் இருந்தார்கள் என்பதே காரணம்.

நம் சங்கத்துக்கு இன்று வயது இருபத்தைந்து. இதனை இளமை என்று கருதி, வரலாற்றைப் பொன்விழாவில் எழுதிக் கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். கடைசியில் சொல்லிக் கொள்ளலாம் என்பது கருந்துளைக்கே இயலாது என்று கண்டோம். நமக்கு எங்ஙனம் இயலும்? தொடங்கியவர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடன் சென்ற நினைவுகளை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. இருப்போர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். பெட்டி இன்னும் பெரிதாக இருக்கும் காலம் இது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் ஒரு பெரியவரிடம் ஒரு குறிப்பேட்டுடன் சென்று அமருங்கள். முதல் இரவுப் பள்ளி எங்கே நடந்தது, விளக்குக்கு எண்ணெய் யார் கொடுத்தார், முதன்முதலில் தேறிய பெண் யார், எந்த வாசலில் நம்மவரைத் தடுத்து நிறுத்தினர் என்று கேட்டு எழுதுங்கள். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு, பழைய ரசீதுப் புத்தகங்கள், நிழற்படங்கள் அனைத்தையும் நகலெடுங்கள். ஒரு படி சங்கத்தில் இருக்கட்டும். மற்றொரு படி வேறு ஊரில், வேறு கூரையின்கீழ் இருக்கட்டும். இரண்டாம்படி எழுதும் உரிமை இயற்கைக்கு இல்லை என்று சொன்னேன். நமக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.